நியூசிலாந்துக் காட்டில் நடந்து மான் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூசிலாந்துக்கு வந்து ஓரிரு வருடம் ஆன நம்மவர்கள் பலர் கேட்கும் கேள்வி: "இங்கே மான் சுடலாமாமே, நிஜமா?" நிஜம்தான். நம்மூரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் மான் வேட்டை என்றாலே ஜெயில்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே நிலைமை தலைகீழ். வௌவாலைத் தவிர்த்தால் இந்த மண்ணுக்கே உரிய தரைப் பாலூட்டி ஒன்றுகூடக் கிடையாது. மான்களெல்லாம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வெள்ளையர்கள் வேட்டைக்கென்றே கப்பலில் கொண்டுவந்து விட்டவை. செம்மான் பிரிட்டனிலிருந்து வந்தது. சிகா மானை 1905-இல் கைமனாவா மலைப்பகுதியில் விட்டார்கள். மனவாட்டு பக்கம் திரிகிற கடமான், அதாவது நம்ம மிளா, இலங்கைக்காரர்களின் மரை, 1875-இல் சிலோனிலிருந்து போனது. தின்பவர் யாருமில்லாத காட்டில் இவை பெருகி, மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. 1930-இல் அரசே மானுக்கு இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டு, பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தது. இன்றைக்கும் பொதுநிலத்தில் மான் சுட இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகப் பெர்மிட் கொடுக்கிறது. அந்தத் துறையை இங்கே எல்லோரும் 'டாக்' என்றே சொல்வார்கள்.

மரமில்லாத மலை உச்சியில் உட்கார்ந்து பைனாகுலரில் தேடி, எதிர்ச்சரிவில் நிற்கும் மானைத் தூரத்திலிருந்து சுடுவது ஒரு வகை வேட்டை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. இங்கே 'புஷ்' என்று சொல்லும் அடர்காட்டுக்குள் நடந்துபோய், இருபது முப்பது மீட்டர் நெருங்கி மானைப் பார்ப்பது இரண்டாவது வகை. பாம்பு இல்லை, புலி இல்லை, யானை இல்லை. ஆனாலும் ஆட்கள் இங்கே சாகிறார்கள்: ஆற்றில், குளிரில், சரிவில் வழுக்கி, கூட வந்தவர் சுட்டு. கடைசியாகச் சொன்னதைப் பற்றிப் பின்னால் விரிவாகவே வரும்.

முதலில் காகிதங்கள்

துப்பாக்கி லைசென்ஸுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இதைப் பார்த்துக்கொள்வது தே தாரி பூரேக்கே என்ற துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையம். பாதுகாப்பு வகுப்பு, எழுத்துத் தேர்வு, வீட்டுக்கு வந்து நேர்காணல், உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரணை, துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டியைச் சோதித்தல் என்று சில மாதம் இழுக்கும். முதல் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. வாங்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 2019 கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது, அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

லைசென்ஸ் வருவதற்குள் சும்மா இருக்க வேண்டாம். 1937-இல் தொடங்கிய மான் வேட்டைக்காரர் சங்கத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டு, புதியவர்களுக்குப் பயிற்சியும் நடத்துகிறது. அங்கே பழகிய ஒருவரோடு துப்பாக்கி இல்லாமல் காட்டுக்குப் போய் வாருங்கள். என்னைக் கேட்டால் லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் முதல் சில தடவை வெறுங்கையோடு போவதே நல்லது. கையில் துப்பாக்கி இருந்தால் கண் சுடுவதற்குத்தான் தேடும், பார்க்கத் தேடாது.

டாக் பெர்மிட்டை இணையத்தில் எடுத்து, கூடவே வைத்திருங்கள். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின், உதிக்க அரை மணிக்கு முன் பொதுநிலத்தில் சுடக்கூடாது. டார்ச் அடித்து மான் தேடவும் கூடாது. பெர்மிட் எடுக்கும்போதே அந்தப் பகுதியில் 1080 விஷம் போட்டிருக்கிறார்களா என்று துறையின் வரைபடத்தில் பாருங்கள். எலி, போசம், ஸ்டோட் போன்றவற்றை ஒழிக்க ஹெலிகாப்டரில் தூவுகிற விஷம் அது. எச்சரிக்கைக் காலம் முடியாத இடத்து மானைச் சாப்பிடக்கூடாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும், வேலி இல்லையே என்று நுழையக்கூடாது.

எதைக் கொண்டுபோவது

புஷ்ஷுக்குள் நீளமான துப்பாக்கி கிளைகளில் மாட்டிக்கொண்டே வரும். குட்டையான போல்ட் ஆக்ஷன் ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட் என்ற தண்டைக் கையால் தள்ளி ஏற்றுவது) போதும். .308, 7எம்எம்-08 இரண்டும் இங்கே எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கிற வகை. ஸ்கோப் போட்டால் உருப்பெருக்கம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கும் ஸ்கோப்பில் இருபது மீட்டரில் நிற்கும் மான் வெறும் பழுப்பு மயிராகத்தான் தெரியும்.

உடுப்பில் பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ். உள்ளே நீளமான தெர்மல், மேலே அரைக்கால் சட்டை என்பது இங்கத்து வேட்டைக்காரர் கோலம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆற்றைக் கடந்து வந்தால் அருமை புரியும். சலசலக்கும் மழைக்கோட்டைப் பைக்குள் வையுங்கள். வெல்க்ரோ பை, சட்டைப்பையில் உரசும் தோட்டாக்கள், துப்பாக்கி வாரின் உலோக வளையம் இவை மூன்றும்தான் அதிகம் காட்டிக்கொடுப்பவை. வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து காதால் கேட்டுப் பாருங்கள்.

பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலுடுப்பைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மானுக்குத் தெரிந்துவிடுமே என்று கேட்பார்கள். சிவப்பும் பச்சையும் மானுக்குப் பிரிந்து தெரியாது, ஆரஞ்சு அதற்கு மங்கலான நிறம்தான். நீலம்தான் நன்றாகத் தெரியும், ஜீன்ஸ் வேண்டாம்.

1:50,000 வரைபடம், திசைகாட்டி, முதலுதவி, நெருப்பு, ஒரு நாள் கூடுதல் சாப்பாடு, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும், பதிவு செய்த அவசர பீக்கன். உள்ளே கைபேசி சிக்னல் கிடையாது. திசைகாட்டியின் முள் இங்கே உண்மை வடக்கிலிருந்து கிழக்கே 20 பாகைக்கு மேல் விலகி நிற்கும் இடங்கள் நிறைய, கணக்குப் போடத் தெரியாமல் உள்ளே போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்பதை வெளியே ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செடிகளில் ஓங்காஓங்கா என்ற முள் காஞ்சொறியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இலையில் வெள்ளை முட்கள் நிற்கும். 1961-இல் இதன் அடர்ந்த புதருக்குள் நடந்த ஒருவர் இறந்தே போனார்.

எந்த இடம், எந்த நேரம்

வெலிங்டனில் இருந்தால் ரெமுடாகா, தாராருவா மலைகள் பக்கம். ஆக்லாந்துக்காரர்கள் கார் ஏறி கைமனாவா, கவேக்கா பக்கம் போவார்கள், அங்கே சிகாவும் செம்மானும் உண்டு. வரைபடத்தில் தேட வேண்டியது தட்டையான இடங்கள்: சரிவின் நடுவில் வரும் மேடைகள், ஓடையோர வெளிகள், கிளை முகட்டின் நுனி. பழைய மண்சரிவில் முளைத்த புல்லும் மானை இழுக்கும். இது தென்கோளம் என்பதால் வெயில் விழுவது வடக்குச் சரிவில். குளிர்காலக் காலையில் மான் அங்கேதான் வெயில் காயும்.

காட்டுக்குள் போனதும் முதலில் தரையைப் படியுங்கள். புழுக்கை பளபளப்பாக, ஈரமாக, குச்சியால் நசுக்கினால் உள்ளே பச்சையாக இருந்தால் புதிது. மங்கி, வெடித்து இருந்தால் பழையது. குளம்புச் சுவட்டின் ஓரம் கூராக இருக்கிறதா, உள்ளே இலை விழுந்திருக்கிறதா பாருங்கள். இளமரத்தில் பட்டை உரிந்திருந்தால் ஆண் மான் கொம்பு தேய்த்த இடம். அதைவிட நல்ல அடையாளம் செடிகளே. மாஹோயி, ஐந்துவிரல் மரம், அகன்ற இலையுள்ள கப்புக்கா இவை மானுக்கு உயிர். அவற்றின் இலைகள் மானின் வாய் எட்டும் உயரம்வரை ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருந்தால் மான் புழங்கும் காடு. மிளகுக் காரமுள்ள ஹோரோபிட்டோவும் கிரீடப் பெரணியும் மட்டும் செழித்திருந்தால், தின்னக்கூடியதைத் தின்று முடித்துவிட்ட காடு என்று பொருள். இந்தக் கடைசி வகைக் காடு பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

நேரம் என்றால் விடியலும் அந்தியும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை செம்மானின் இணைசேரும் பருவம். ஆண் மான் அடிவயிற்றிலிருந்து கத்தும், அதனால் அந்தப் பருவத்துக்கே 'ரோர்' என்று பெயர். புதியவர்கள் எல்லோருமே அப்போது போகத்தான் ஆசைப்படுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அப்போது காட்டில் துப்பாக்கிகள் அதிகம், கொம்பாலும் குழாயாலும் மான்போலக் கத்திப் பார்க்கும் மனிதர்களும் அதிகம். நீங்கள் பதில் குரல் கேட்டு நெருங்கிப் போகும் 'மான்' இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். முதல் வருடம் வசந்தகாலத்தில், புதுப்புல் முளைக்கும்போது போங்கள்.

காற்று

மானின் கண்ணை ஏமாற்றலாம், காது கேட்டதை அது சிலசமயம் மறந்துவிடும், மூக்கை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மனித வாடை பட்டால் மான் இரண்டாவது தடவை யோசிக்காது. நீங்கள் பார்ப்பதற்குள் போய்விட்டிருக்கும். செம்மான் ஒருமுறை குரைக்கும், சிகா கிறீச்சிடும், அவ்வளவுதான். வாசனைச் சோப்பைத் தவிர்த்தாலும், மருந்து அடித்தாலும் இது மாறாது. காற்று உங்கள் முகத்தில் படும்படி நடப்பது ஒன்றே வழி.

சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடரோ சலித்த சாம்பலோ போட்டு, நடக்கும்போது அடிக்கடி ஒரு பீய்ச்சு பீய்ச்சிப் பாருங்கள். தோலுக்குத் தெரியாத காற்றையும் அது காட்டும். மலைக்காட்டில் பெரிய காற்று ஒன்று, சரிவின் மூச்சு இன்னொன்று. விடியலில் குளிர்ந்த காற்று ஓடைபோலக் கீழே இறங்கும், அதனால் கீழிருந்து மேலே ஏறிப் போகலாம். சரிவில் வெயில் பட்டு ஒரு மணி நேரமானால் காற்று மேலே எழும். அதற்குள் நீங்கள் முகட்டுக்குப் போய்விட்டால் மேலிருந்து இறங்கியோ சரிவுக்குக் குறுக்கே நகர்ந்தோ தேடலாம். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி கீழ்நோக்கி. நடுப்பகலில், ஓடைகள் சேருமிடங்களில் காற்று சுழலும். பவுடர் நாலு பக்கமும் போகிறதென்றால் அங்கே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுங்கள், அல்லது வேறு சரிவுக்குப் போங்கள். நல்ல இடமாயிற்றே என்று உள்ளே நுழைந்தால் அந்த இடத்தை இரண்டு நாளைக்குக் கெடுத்துவிடுவீர்கள்.

நடை

மலையேற்றப் பழக்கமுள்ளவர்களுக்கு இதுதான் கஷ்டம். புதிய சுவடு கண்ட இடத்தில் நூறு மீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுத்தாலும் அதிகமில்லை. மூன்று நான்கு அடி, நிற்பது, பார்ப்பது. நிற்கும் நேரம் நடக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். நிற்கும்போது மரத்தை ஒட்டி நில்லுங்கள். மான் பார்த்தாலும் ஆள் உருவம் தனியாகத் தெரியாது, சுட வேண்டி வந்தால் சாய்ந்துகொள்ளவும் உதவும்.

காலை வைக்கும் விதம்: பாதத்தின் வெளியோரம் முதலில் தரையைத் தொட வேண்டும், குச்சி இருக்கிறதா என்று அது சொல்லும், பிறகே எடையை மாற்ற வேண்டும். பின்காலில் எடை இருக்கும்வரை முன்காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சப்பிள்ஜாக் கொடிகள் இடுப்பளவில் வலைபோலத் தொங்கும். தள்ளிக்கொண்டு போனால் மேலே மரம் முழுக்க ஆடும். குனிந்து நுழையுங்கள், அல்லது சுற்றிப் போங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை சருகு நனைந்து சத்தமில்லாமல் இருக்கும். அந்த நாளை வீணாக்காதீர்கள்.

குச்சி ஒடிந்துவிட்டதா? ஒன்றும் முழுகிப்போகவில்லை. காட்டில் குச்சி ஒடிந்துகொண்டேதான் இருக்கும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டுத் தொடருங்கள். மானை எழுப்புவது சீரான தாளம்: சரக், சரக், சரக் என்று ஒரே இடைவெளியில் வரும் சத்தம் மனிதனுடையது என்று அதற்குத் தெரியும். விசிறிவால் குருவி ஒன்று உங்களோடேயே வரும், நீங்கள் கிளப்பிவிடும் பூச்சிகளுக்காக. அது வந்தால் சந்தோஷப்படுங்கள், தொந்தரவு செய்யாது.

பார்ப்பது

முழு மானைத் தேடினால் மான் தெரியவே தெரியாது. புஷ்ஷுக்குள் மான் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. மரங்களெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் இடத்தில் படுக்கைவாட்டில் ஒரு கோடு, அது முதுகாக இருக்கலாம். இலைக்கு நடுவில் இலைபோல அசையாமல் வேறு மாதிரி அசைவது காது. பெரணிக்கு அடியில் ஒல்லியாக நான்கு, அல்லது மூன்று, கால்கள். கரிய மூக்கின் ஈரப் பளபளப்பு. அதனால் அடிக்கடி முழங்காலிட்டுப் பெரணியின் கீழே பாருங்கள். பார்வையை முதல் மரவரிசையோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி, அதற்கும் பின்னால் உள்ள இடைவெளிகளுக்கு அனுப்புங்கள். ஓரடி எடுத்து வைத்தாலே புது இடைவெளிகள் திறக்கும், மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

பைனாகுலரைப் பையில் போடாமல் நெஞ்சிலேயே கட்டிக்கொள்ளுங்கள். இருபது மீட்டருக்கு எதற்கு பைனாகுலர் என்று நினைக்காதீர்கள். அது முன்னால் இருக்கும் இலைகளை மங்கலாக்கி, பின்னால் இருப்பதைத் தெளிவாக்கித் தரும். இன்னொரு காரணமும் உண்டு: ஸ்கோப்பால் தேடினால் தெரியாத ஒன்றை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

சுடுவதற்கு முன்

இங்கேதான் இதுவரை பழகியதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். கண்டுபிடிக்கத் துண்டுகளைத் தேடினீர்கள். சுடுவதற்குத் துண்டு எதுவுமே போதாது. காது, நிறம், அசைவு, சத்தம், முதுகுக் கோடு, இவற்றில் இரண்டு சேர்ந்தாலும் போதாது. தலை, கழுத்து, தோள், உடம்பு என்று ஒன்றோடொன்று சேர்ந்து மானாகத் தெரிய வேண்டும், அது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய அளவுக்கு.

நெஞ்சு அடித்துக்கொள்ளும் அந்த நொடியில் மூளை மீதியைத் தானே வரைந்துவிடும். மூன்று மணி நேரமாக மானையே நினைத்துக்கொண்டு வந்த கண்ணுக்கு, குனிந்து ஷூ நாடா கட்டுகிற நண்பனின் பழுப்பு முதுகு மானாகவே தெரியும். இங்கே ஆளை மானென்று சுட்ட விபத்துகளில் பெரும்பாலும் சுட்டவரும் செத்தவரும் ஒரே குழுவில் வந்தவர்கள். லைசென்ஸ் எடுத்து, துப்பாக்கிப் பாதுகாப்பின் ஏழு விதிகளை மனப்பாடமாக ஒப்பித்தவர்களும் அதில் உண்டு. அதனால் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். "இது மான்தானே?" என்று கேட்டால் மூளை ஆமாம் என்று சொல்லும். "இது மனிதன். இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறேன்?" என்று கேட்டு, பைனாகுலரில் பதில் கிடைக்கும்வரை காத்திருங்கள். மான் ஓடிப்போனால் போகட்டும்.

இரண்டு பேர் போனால் ஒரு துப்பாக்கி போதும், மற்றவர் பக்கத்திலேயே இருக்கட்டும். தனித்தனியாகத் தேடுவதென்றால் நடுவில் பெரிய முகடு இருக்கும்படி எல்லை பிரித்துக்கொள்ளுங்கள், அந்த எல்லையை யாரும் எதற்காகவும் தாண்டக்கூடாது. கூட வந்தவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் வேட்டை அந்த நிமிடமே நிற்க வேண்டும், மறுபடி சேர்ந்த பிறகுதான் தொடரலாம்.

நடக்கும்போது மேகசினில் தோட்டா இருக்கலாம், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குழல் அறை காலியாக இருக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளி போல்ட்டைப் பாதி மூடி வைத்துக்கொண்டு நடக்கும் பழைய ஆட்களைப் பார்ப்பீர்கள். கொடியில் மாட்டி அது தானாக மூடிக்கொள்ளும், பின்பற்றாதீர்கள். மானைப் பார்த்து உறுதி செய்த பிறகு போல்ட்டை மெதுவாகத் தள்ளினால் சத்தம் வராது, பயிற்சி வேண்டும். மானுக்குப் பின்னால் மண்சரிவு இருக்கிறதா, வெறும் வானமா, நடைபாதையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறி முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்: இதயமும் நுரையீரலும் அங்கே. தலைக்குக் குறிவைக்காதீர்கள், தாடை உடைந்து தப்பும் மான் பட்டினியில் சாகும்.

சுட்ட பிறகு

ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றும். நில்லுங்கள். நின்ற இடத்தில் ஒரு நிற நாடாவைக் கட்டி, மான் எந்த மரத்தருகே நின்றது என்று குறித்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருங்கள். நெஞ்சில் பட்ட மான்கூட ஐம்பது மீட்டர் ஓடி விழும். உடனே துரத்தினால் இன்னும் ஓடும். அப்புறம் மயிர், இரத்தம் தேடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். பச்சைக் கசடு கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, நிறைய நேரம் விட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு துளியிலும் நாடா கட்டிக்கொண்டே போனால் திரும்பிப் பார்க்கும்போது ஓடிய திசை தெரியும். கிடக்கும் மானின் முதுகுப் பக்கமாகச் சென்று, குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்காவிட்டால் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

வயிற்றைக் கிழிக்கும்போது இரண்டு விரலைத் தோலுக்கடியில் விட்டுத் தூக்கி, நடுவில் கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி அறுங்கள், இரைப்பை கிழியாது. குடலை எடுத்ததும் இறைச்சி ஆறத் தொடங்கும். ஈக்கு முந்திக்கொண்டு துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் புழுங்கிவிடும்.

சுமப்பதற்கு இங்கே ஒரு பழைய வித்தை உண்டு. முன்னங்கால்களை முட்டியில் மூட்டு விலக்கி, தோலோடு தொங்கவிட்டு, பின்னங்கால் குதிநரம்புக்கும் எலும்புக்கும் இடையே போட்ட கீறலில் நுழைத்துக் குறுக்கே திருப்பினால் பொத்தான்போல மாட்டிக்கொள்ளும். மானையே முதுகுப்பைபோலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். சின்ன சிகாவுக்குச் சரிப்படும். தனியாக வந்த புதியவர் இரண்டு பின்தொடை, முதுகுச்சதை, தோள் இவற்றை வெட்டிப் பையில் வைத்துக்கொள்வது மேல். எப்படித் தூக்கினாலும் மேலே ஆரஞ்சுத் துணியைச் சுற்றுங்கள். காட்டுக்குள் மான் தோலை முதுகில் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள், எதிரே வருகிறவர் இந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்.

இறைச்சியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடாது, பண்டமாற்றும் கூடாது. கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஆட்டுக்கறிபோல வேகவிட்டால் முதுகுச்சதை காய்ந்துவிடும், அதை மிளகு போட்டுச் சட்டென்று வாட்டி எடுங்கள். குழம்புக்குத் தோளும் கால் சதையும்.

வழியில் டாக் குடிசையில் தங்கினால் வாசலுக்கு வெளியிலேயே துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைத் தனியாக எடுத்துவிட்டு உள்ளே போங்கள், அங்கிருக்கும் பதிவேட்டில் அடுத்து எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆறு பெருகியிருந்தால் வடியும்வரை அங்கேயே இருந்துவிடுங்கள், ஒரு நாள் கூடுதல் சாப்பாடு அதற்குத்தான். சிக்னல் வரும் இடத்துக்கு வந்ததும் முதல் அழைப்பு நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு. மறந்துபோய் வீட்டில் தூங்கினால், சொன்ன நேரம் தாண்டியதும் அவர் 111-ஐக் கூப்பிடுவார். உங்களைத் தேடிக் காட்டுக்குள் ஆள் இறங்கியிருப்பார்கள்.